சாப்பாட்டு மண்டபத்துப் பியானோ

கச்சேரி முடிந்து வீடு திரும்பும் ரஸிகர்களின் பேச்சை வாசகர்கள் என்றைக்காவது கவனித்ததுண்டா? "பாகவதரின் சாரீரம் இன்று ஒரு மாற்றுக் குறைவுதான்" என்பார் ஒருவர். "தோடியை இன்னும் சற்று விஸ்தாரமாகப் பாடியிருக்கலாம்" என்பார் மற்றொருவர். மூன்றாமவர் பாகவதரின் சரிகை அங்கவஸ்திரத்தைப் பற்றிப் பேசுவார். மூன்று மணி நேரம் அந்தப் பாடகரை நிழல்போல் தொடர்ந்து, அவர் தடுமாறிய இடத்தில் தாங்கி, மூச்சு வாங்கிய இடத்தை நிரப்பி, அவருக்குக் கிடைத்த கரகோஷத்தில் தமக்கும் பங்குண்டு என்று ஒரு கணமும் காட்டிக் கொள்ளாமல் வாசித்த பிடில்காரரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால், அவர் பெரும்பாலும் அந்தப் பிடில்காரரின் மைத்துனராக இருப்பார்.

இதைப் பிறர்மீது குற்றமாகச் சொல்ல நாம் முன்வரவில்லை. நாமும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்தவர்கள்தாம். ஆனால் சமீபத்தில் ஓர் இரவு நண்பர் வீட்டில் கேட்ட இசைத்தட்டு ஒன்று, இந்த விஷயத்தைப் பற்றி நம்மைச் சிந்திக்கும்படி செய்துவிட்டது. அதில் பாட்டு இல்லை. வேறு வாத்தியமும் இல்லை. இரண்டு பியானோக்கள் மட்டுமே. ஒன்றை வாசித்தவர் தந்தை. மற்றொன்றை வாசித்தவர் மகன். தந்தைக்கு அப்போது வயது தொண்ணூறை எட்டிக் கொண்டிருந்தது. விரல்களில் நடுக்கமில்லை, தாளத்தில் தயக்கமில்லை, மகனை மிஞ்ச வேண்டுமென்ற பரபரப்பும் இல்லை. மகன் ஒரு வாக்கியம் பேசினால் தந்தை 'ஆமாம்' என்கிறார். சில சமயம் 'அப்படியா?' என்று கேட்கிறார். பேச்சு இல்லாமலே இரண்டு பேர் இவ்வளவு பேச முடியுமா என்று நாம் பிரமித்துப் போனோம்.

தந்தையின் பெயர் பேபோ வால்டேஸ். கியூபா தேசத்தவர். அவருக்குப் பெற்றோர் இட்ட முழுப் பெயர் டியோனிசியோ ரமோன் எமிலியோ வால்டேஸ் அமாரோ. இத்தனையையும் இசைத்தட்டின் வட்டத்தில் அச்சிட்டால் உருப்படியின் பெயருக்கு இடமிராது; ஆகையால் உலகம் அவரைப் 'பேபோ' என்றே அழைத்தது. ஒரு காலத்தில் ஹவானா நகரத்தின் பெரிய வாத்தியக் கோஷ்டிகளை ஆட்டி வைத்தவர் அவர். பிறகு ஏறக்குறைய முப்பது வருஷ காலம், ஸ்வீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில், ஹோட்டல் விருந்தாளிகள் உணவருந்தும் மண்டபங்களில் பியானோ வாசித்து ஜீவனம் செய்தவரும் அவரே. அந்த முப்பது வருஷங்களைப் பற்றித்தான் நாம் இந்த வாரம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். ஆனால் அதன் அருமை தெரிய வேண்டுமானால் முன்கதையையும் அறிய வேண்டும்.

பேபோ 1918-ம் வருஷம் அக்டோபர் மாதம் 9-ந் தேதி, ஹவானாவுக்குத் தெற்கே கீவிகான் என்ற சிற்றூரில் பிறந்தார். கியூபா கரும்புத் தோட்டங்களின் நாடு. அந்தத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டு வரப்பட்டவர்கள் எண்ணற்றோர். அங்கே அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1886-ம் வருஷத்தில்தான். அதாவது பேபோ பிறப்பதற்கு 32 வருஷங்களுக்கு முன்பு. அந்த மக்களிடமிருந்து எஜமானர்கள் எல்லாவற்றையும் பறித்துக் கொண்டார்கள். தாளத்தை மட்டும் பறிக்க முடியவில்லை. ஸ்பெயினிலிருந்து வந்த பாட்டும் கித்தாரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முரசும் அந்தத் தீவில் சம்பந்தம் செய்து கொண்டன. அந்தச் சம்பந்தத்தில் பிறந்ததே கியூபா சங்கீதம். பிற்காலத்தில் அமெரிக்க ஜாஸ் சங்கீதமும் அந்தக் குடும்பத்தில் வந்து சேர்ந்தது. அவ்விதம் சேர்ந்ததைத்தான் இன்று லத்தீன் ஜாஸ் என்று அழைக்கிறார்கள்.

இந்தச் சங்கீதத்தின் ரகசியம் 'கிளாவே' என்ற தாளக்கட்டில் இருக்கிறது. இரண்டு கடின மரத்துண்டுகளை ஒன்றோடொன்று தட்டி அதை வாசிப்பார்கள். நம் வீடுகளிலும் இதைப் பரீட்சை செய்து பார்க்கலாம். ஒன்று முதல் பதினாறு வரையில் ஒரே சீராக எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் கை தட்டுங்கள். பதினாறு முடிந்ததும் நிறுத்தாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். முதல் எட்டில் மூன்று தட்டு. இரண்டாவது எட்டில் இரண்டு தட்டு. முதல் பாதி ஆளை முன்னே இழுக்கும். இரண்டாம் பாதி இழுத்துப் பிடித்து நிறுத்தும். வீட்டுக் குழந்தைகளுக்கு இது ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும். பெரியவர்கள் சற்று அதிக நேரம் எடுத்துக் கொண்டாலும் வெட்கப்பட வேண்டுவதில்லை. நமக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

மரத்துண்டு ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் கோஷ்டியிலுள்ள ஒவ்வொருவர் மனத்திலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பியானோவுக்கும் அதே விதி. ஐரோப்பிய சங்கீதத்தில் பியானோ ஒரு ராஜகுமாரி. கியூபாவில் அது முரசுகளின் தங்கை. ஒரு சிறிய ஸ்வரக்கோவையைத் திரும்பத் திரும்ப, தாளத்தின் நேர் அடிகளில் விழாமல் இடுக்குகளில் விழும்படியாக அது வாசித்துக் கொண்டிருக்கும். அதன்மேல் நின்று பாடகர் மனோதர்மம் செய்வார், எக்காளம் கர்ஜிக்கும், ஜனங்கள் நடனம் ஆடுவார்கள். கேட்பவர் காதில் பியானோ தனியே விழாது. ஆனால் அதை ஒரு கணம் நிறுத்தினால் கட்டடமே சரிந்துவிடும். இத்தகைய வாத்தியத்தைத்தான் பேபோ கைக்கொண்டார்.

இளமையில் ஹவானாவுக்கு வந்து முறையாகப் பயின்ற அவர், 1940-க்குப் பிந்திய வருஷங்களில் அந்நகரத்து நடன விடுதிகளில் வாசிக்கத் தொடங்கினார். ஹூலியோ குவேவா என்பவருடைய பெயர் பெற்ற கோஷ்டியில் பியானோக்காரர் ஸ்தானம் காலியானபோது அது பேபோவுக்குக் கிடைத்தது. வாசிப்பதோடு, வாத்தியங்களுக்கு ஸ்வரம் பிரித்து எழுதும் பொறுப்பும் அவருடையதாயிற்று. 1948-ம் வருஷம் முதல் 1957-ம் வருஷம் வரையில் 'டிராப்பிகானா' என்ற புகழ் பெற்ற கேளிக்கை விடுதியில், ரீட்டா மோன்டானெர் என்ற பிரசித்தமான பாடகிக்குப் பியானோ வாசித்தும் இசை அமைத்தும் வந்தார்.

ஸ்வரம் பிரித்து எழுதுவது என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். நமது சங்கீதத்தில் பாடகர் போகும் வழியே பக்கவாத்தியக்காரர்கள் போவார்கள். யாரும் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் பதினைந்து இருபது பேர் கொண்ட கோஷ்டியில், ஐந்து எக்காளக்காரர்களும் ஐந்து சாக்ஸபோன்காரர்களும் தத்தம் மனம் போனபடி வாசித்தால், அது சங்கீதமாக இராது, சந்தையாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு வாத்தியமும் எந்த இடத்தில் நுழைய வேண்டும், எந்த ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும், எங்கே வாய் மூடியிருக்க வேண்டும் என்பதை ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். பாடகிக்குச் சுருதி உயர்ந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும். புதிய நாட்டியம் சேர்ந்தால் புதிதாக எழுத வேண்டும். பாட்டைக் கேட்கும் ஜனங்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இந்த மனிதரின் பெயர் தெரியாது.

ஒலிப்பதிவு நிலையத்துக்குக் கூலிக்கு அழைக்கப்படும் வாத்தியக்காரரின் நிலைமையும் அதுவே. அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷந்தான் அடங்கும். வந்து உட்கார வேண்டும். இதற்கு முன் கண்டிராத காகிதத்தைப் பார்த்தவுடனே வாசிக்க வேண்டும். அந்த மூன்று நிமிஷத்தில் பிசகக் கூடாது. காலையில் காதல் பாட்டு, மத்தியானம் நடனப் பாட்டு, மாலையில் ஜாஸ். எதற்கும் 'இது என் பாணி அல்ல' என்று சொல்ல இடமில்லை. பேபோ அவ்விதம் வாசித்தார். தமது சொந்தக் கோஷ்டிக்கு 'கியூபாவின் சுவை' என்று பொருள்படும் பெயரிட்டு நடத்தினார். பென்னி மோரே போன்ற மகா பாடகர்களுக்குப் பின்னணியாக நின்றார்.

அவருக்கும் ஆசை இல்லாமலில்லை. அவர் நாட்டவரான பேரஸ் பிராடோ என்ற மற்றொரு பியானோக்காரர் 'மாம்போ' என்ற நடன இசையை மெக்ஸிகோவிலிருந்து உலகமெங்கும் பரப்பிப் பெரும் புகழ் பெற்றார். மாம்போவுக்கு ஆரம்பத்தில் உரம் போட்டவர்களில் பேபோவும் ஒருவர். ஆனால் பட்டம் பிராடோவுக்குப் போயிற்று. 1952-ம் வருஷத்தில் பேபோ 'பட்டாங்கா' என்ற புதிய தாளத்தைச் சிருஷ்டித்து வானொலியில் அரங்கேற்றினார். இடை சிறுத்து, இரண்டு முகங்களிலும் தோல் கட்டி, மடியில் வைத்து வாசிக்கும் 'பாட்டா' என்ற முரசு அதன் விசேஷம். அது ஆப்பிரிக்க யொரூபா மக்களின் வழிபாட்டில் தெய்வங்களை அழைக்கும் முரசு. அதை நடன கோஷ்டியின் நடுவே கொண்டு வந்து வைத்தது துணிச்சலான காரியம். பாடியவர் பென்னி மோரே. இவ்வளவு இருந்தும் பட்டாங்கா வேரூன்றவில்லை. ஜனங்கள் மாம்போவையே ஆடிக் கொண்டிருந்தார்கள். பேபோ மறுபடியும் தம் பியானோவின் முன் போய் உட்கார்ந்தார்.

அதே 1952-ம் வருஷத்தின் கடைசியில், நார்மன் கிரான்ஸ் என்ற அமெரிக்க இசைத்தட்டுத் தயாரிப்பாளருக்காக ஹவானாவில் ஒரு பதிவு நடந்தது. முன்னால் எழுதி வைக்காமல், கூடிய வித்வான்கள் கூடிய இடத்தில் மனோதர்மமாக வாசித்தது அது. கியூபாவில் இத்தகைய வாசிப்பு இசைத்தட்டில் ஏறியதற்கு அதையே முன்னோடியாகப் பலர் சொல்வார்கள். முன்னே நின்று நடத்தியவர் பேபோ. பின்னர், அமெரிக்காவின் பெரும் பாடகர் நாட் கிங் கோல் ஸ்பானிஷ் மொழியில் பாடி 1958-ல் வெளிவந்த இசைத்தட்டுக்காக ஹவானாவில் நடந்த பதிவிலும் பேபோ பங்கு பற்றினார். கோலுக்கு ஸ்பானிஷ் மொழி தெரியாது. உச்சரிப்பை மட்டும் நெட்டுருச் செய்து பாடினார். தெலுங்குக் கீர்த்தனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக் கொண்டு பாடும் நாம் இதைக் கேட்டு நகைப்பதற்கில்லை.

1959-ம் வருஷத்தில் கியூபாவில் புரட்சி வெற்றி பெற்றது. அதன் குணதோஷங்களை ஆராய்வது இந்தப் பகுதியின் வேலையன்று. பேபோவுக்கு அந்தப் புதிய ஏற்பாடு ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னால் போதும். 1960-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ரோலாண்டோ லா செரியே என்ற பாடகருடன் மெக்ஸிகோவுக்குக் கச்சேரி செய்யப் புறப்பட்டார். புறப்பட்டவர் திரும்பவே இல்லை. அப்போது அவருக்கு வயது 42. மனைவியும் குழந்தைகளும் ஹவானாவில் இருந்தார்கள்.

குழந்தைகளில் ஒருவர் சூச்சோ. தந்தை பிறந்த அதே கீவிகானில், தந்தை பிறந்த அதே அக்டோபர் 9-ந் தேதியில், 1941-ம் வருஷம் பிறந்தவர். தந்தை வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே, பேச்சுத் திருந்தாத வயதில் பியானோவைத் தொட்டவர். தந்தை போன போது அவருக்கு வயது 19. குடும்பத்தின் பாரம் அந்த வயதில் அவர் தலைமேல் வந்து விழுந்தது.

இந்த இடத்தில் வாசகர்களில் சிலர் பேபோவின்மீது கோபங் கொள்ளக்கூடும். நமக்கும் அந்தக் கோபம் வந்தது. கலைக்காக வீட்டைத் துறந்தார் என்று எழுதி மெழுகிவிட நமக்கு மனம் வரவில்லை. அவர் கலைக்காகவும் போகவில்லை. அந்த நாட்டில் வாழ முடியாது என்று எண்ணிப் போனார். போனதன் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. வீட்டில் இருந்தவர்களும் கொடுத்தார்கள். தேசத்தை விட்டு ஓடியவர் என்று ஒரு சாராரும், சுதந்தரத்தை நாடியவர் என்று மற்றொரு சாராரும் சொல்வார்கள். இரண்டு சாராரில் எவரும் அந்த வீட்டில் மூடிக் கிடந்த பியானோவைப் பற்றிக் கேட்பதில்லை. சூச்சோ அதைத் திறந்து வாசித்தார் என்பதே நமக்கு ஆறுதல்.

மெக்ஸிகோவில் சில காலம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் சில காலம். பிறகு 'லெக்குவோனா கியூபன் பாய்ஸ்' என்ற கோஷ்டியுடன் ஐரோப்பா சுற்றுப் பிரயாணம். 1963-ம் வருஷம் ஸ்டாக்ஹோமுக்கு வந்தபோது அங்கே ஒரு ஸ்வீடிஷ் பெண்ணைச் சந்தித்தார். கோஷ்டி புறப்பட்டுப் போயிற்று, பேபோ தங்கிவிட்டார். அந்தப் பெண்ணையே மணந்து கொண்டார். கரும்பு விளையும் நாட்டில் பிறந்தவர், குளிர்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும் நகரத்தில் குடித்தனம் வைத்தார்.

அங்கே பட்டாங்கா யாருக்குத் தெரியும்? டிராப்பிகானா யாருக்குத் தெரியும்? கைத்தொழில் ஒன்றுதான் தெரிந்திருந்தது. ஆகவே ஹோட்டல்களில் வாசிக்கலானார். ஹோட்டல் பியானோக்காரரின் தொழிலை வாசகர்கள் சற்றே கற்பனை செய்து பார்க்கலாம். அவருக்கு எதிரே ரஸிகர்கள் இல்லை, பசித்தவர்கள் இருக்கிறார்கள். அவர் உரக்க வாசித்தால் பேச்சுக்கு இடைஞ்சல். மெதுவாக வாசித்தால் காதில் விழாது. ஒருவர் வால்ட்ஸ் வேண்டும் என்பார். மற்றொருவர் சினிமாப் பாட்டு வேண்டும் என்பார். முள்ளும் கரண்டியும் தட்டில் மோதும் ஒலியே அவருக்கு மிருதங்கம். முடிவில் கரகோஷம் கிடையாது. மேஜை துடைக்கும் சப்தந்தான் உண்டு.

முப்பது வருஷம்! ஹவானாவின் மகா வித்வான் இப்படி வீணாய்ப் போனாரே என்று எழுதுவதுதான் வழக்கம். முதலில் நாமும் அப்படித்தான் எழுத நினைத்தோம். ஆனால் யோசிக்க யோசிக்க, அது நியாயமன்று என்று தோன்றியது. டிராப்பிகானாவில் அவர் செய்தது என்ன? பாடகியின் குரலுக்குத் தக்கபடியும், ஆடுவோரின் காலுக்குத் தக்கபடியும் வாசித்தார். ஒலிப்பதிவு நிலையத்தில் செய்தது என்ன? பிறர் பாட்டைத் தம் பாட்டாகப் பாவித்து மூன்று நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார். ஹோட்டலில் செய்ததும் அதுவே. கேட்பவருக்குச் சேவை செய்வது அவருடைய வித்தையின் முதல் பாடம். அந்தப் பாடத்தைப் பெரிய மண்டபத்திலும் மறக்கவில்லை. சிறிய மண்டபத்திலும் மறக்கவில்லை. புகழ் அவரை விட்டுப் போயிருந்தது. வித்தை போகவில்லை. இரவு தோறும் விரல்கள் பியானோவின்மேல் இருந்தபடியால், அவை துருப்பிடிக்கவும் இல்லை.

இதற்கிடையில் ஹவானாவில் சூச்சோ பெரிய வித்வானாகியிருந்தார். 1973-ல் 'இராகேரே' என்ற கோஷ்டியை ஸ்தாபித்தார். ஜாஸ், கியூபா நடன இசை, தந்தை கொண்டு வந்து வைத்த அதே பாட்டா முரசு ஆகிய எல்லாம் அதில் இருந்தன. தந்தையின் தோற்றுப்போன பரீட்சை மகன் கையில் வெற்றி பெற்றது என்று சொன்னாலும் பொருந்தும். 1978-ம் வருஷம் அந்தக் கோஷ்டி நியூயார்க்கில் கார்னெகி மண்டபத்தில் வாசிக்க வந்தது. தந்தையும் அங்கே வந்தார். 18 வருஷத்துக்குப் பிறகு இருவரும் சந்தித்தது அப்போதுதான்.

இன்னும் 16 வருஷம் கழிந்தது. 1994-ம் வருஷத்தில், இராகேரே கோஷ்டியில் முன்பு வாசித்தவரும் பின்னர் அமெரிக்காவில் குடியேறியவருமான பாகீட்டோ டிரிவேரா என்ற சாக்ஸபோன் வித்வான், பேபோவை ஜெர்மனியில் ஒரு பதிவுக்கு அழைத்தார். பேபோவுக்கு வயது 76. மற்றவர்கள் பேரக் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் வயதில், அவர் மிகக் குறுகிய அவகாசத்தில் புதிய உருப்படிகளைச் சிருஷ்டித்து, எல்லா வாத்தியங்களுக்கும் ஸ்வரம் பிரித்து எழுதி முடித்தார். முப்பது வருஷமாக ஒருவரும் கேளாத ஒரு வேலையை, நேற்றுத்தான் நிறுத்தியவர்போல் மறுபடியும் எடுத்துக் கொண்டார். அந்த இசைத்தட்டு 'பேபோ மறுபடியும் குதிரை ஏறுகிறார்' என்று பொருள்படும் பெயருடன் வெளியாயிற்று.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கதைகளில் நடப்பதுபோல் நடந்தது. பெர்னாண்டோ டிரூயெபா என்ற ஸ்பானிஷ் டைரக்டர் லத்தீன் ஜாஸ் வித்வான்களைப் பற்றி 'காயே 54' என்ற படத்தை 2000-ம் வருஷத்தில் வெளியிட்டார். அதில் தந்தையும் மகனும் இரண்டு பியானோக்களில் அமர்ந்து, எர்னெஸ்டோ லெக்குவோனா இயற்றிய 'லா கொம்பார்சா' என்ற உருப்படியை வாசிக்கிறார்கள். திருவிழா ஊர்வலம் ஒன்று தூரத்தில் கேட்கிறது, நெருங்கி வருகிறது, நம் வாசலைக் கடக்கிறது, மறுபடியும் தூரத்தில் தேய்ந்து மறைகிறது. அந்த உருப்படியின் பொருள் அவ்வளவுதான். அதை இயற்றிய லெக்குவோனாவும் கியூபாவை விட்டு வெளியேறி, 1963-ல் அந்நிய மண்ணில் இறந்தவர். கடந்து போன ஊர்வலத்தைப் பற்றி அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திராது.

2003-ம் வருஷத்தில், தியேகோ எல் சிகாலா என்ற பிளமெங்கோ பாடகருடன் சேர்ந்து பேபோ அளித்த 'லாக்ரிமாஸ் நேக்ராஸ்', அதாவது 'கறுப்புக் கண்ணீர்' என்ற இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அவருக்கு அப்போது வயது எண்பத்தைந்து ஆகப் போகிறது. அதிலும் அவர் செய்தது பக்கவாத்தியந்தான். கரகரப்பான கண்டமுள்ள அந்த ஸ்பானிஷ் பாடகரின் குரலுக்குக் கீழே, எங்கே பேச வேண்டும், எங்கே மௌனமாக இருக்க வேண்டும் என்று அறிந்து வாசித்தார். ஸ்வரங்களை அள்ளி வீசவில்லை. இடம் விட்டு வைத்தார். அந்த இடத்தில் பாட்டு நின்றது. எழுபது வயதுக்கு மேல் வந்த இசைத்தட்டுகளுக்காகக் கிராமி பரிசுகள் பல அவருக்குக் கிடைத்தன. மகனுடன் சேர்ந்து வாசித்து 2008-ல் வெளிவந்த 'என்றென்றும் சேர்ந்து' என்று பொருள்படும் இசைத்தட்டும் 2010-ல் அந்தப் பரிசைப் பெற்றது. நண்பர் வீட்டில் நாம் கேட்டது அதைத்தான். ஹவானாப் பியானோக்காரர் ஒருவரின் கதையைச் சொல்லும் 'சீக்கோவும் ரீட்டாவும்' என்ற சித்திரப் படத்துக்கும் அவரே சங்கீதம் அமைத்தார். அது 2010-ல் வெளியாயிற்று.

2013-ம் வருஷம் மார்ச்சு மாதம் 22-ந் தேதி, தமது 94-வது வயதில் பேபோ ஸ்டாக்ஹோமில் காலமானார். 1960-ல் விட்டுப் புறப்பட்ட கியூபா மண்ணில் அவர் மறுபடியும் கால் வைக்கவே இல்லை.

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று இந்தக் கதைக்கு முடிவு கட்டிவிடலாம். ஆனால் நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. 1994-ல் அந்த அழைப்பு வராமலே போயிருக்கலாம். எத்தனையோ வித்வான்களுக்கு அது வரவில்லை. வராதிருந்தால் பேபோவின் வித்தை ஒரு குன்றிமணி அளவேனும் குறைந்திருக்குமா? குறைந்திராது. நமக்குத்தான் தெரியாமல் போயிருக்கும். நஷ்டம் நம்முடையதாக இருந்திருக்கும். உலகத்தின் ஏதோ ஒரு சாப்பாட்டு மண்டபத்தில் இன்றிரவும் ஒருவர் வாசித்துக் கொண்டிருப்பார்; எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பழரசத்துக்காகக் காத்திருப்பார்கள். அவர் யாரென்று நமக்கு எப்படித் தெரியும்?

தெரிந்து கொள்வதற்கு ஒரே வழி, காதைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புவதுதான். இசைத்தட்டு உறையில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் சில பெயர்கள் இருக்கும். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டாவது அவற்றையும் படித்துப் பாருங்கள். அடுத்த முறை கச்சேரியிலிருந்து திரும்பும்போது, பிடில்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்கு அவருடைய மைத்துனராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.